இரத்த அழுத்தம் கடைத்தெருவுக்கு வந்த கதை

பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் முதலிய, தமிழர் மிகுந்த பகுதிகளில் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து செல்வோர் மருந்துக்கடைகளின் முன்னே ஒரு காட்சியைக் காணலாம். சீட்டைக் கொடுத்து மருந்து வாங்க நிற்பவர்களின் நடுவே ஒருவர், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, கடைப் பலகையின்மீது கையை நீட்டியிருப்பார். முழங்கைக்கு மேலே சுற்றிய துணிப்பட்டை, ஒரு சிறு பெட்டியின் முனகலோடு உப்பும்; பின்பு தளரும். பெட்டியின் முகத்தில் எண்கள் தோன்றும். கடைக்காரர் அவற்றை ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுப்பார். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. சில கடைகளில் இதற்குச் சிறு கட்டணம் உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை.

இந்த இரண்டு நிமிஷத்துக்குப் பின்னே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அச்சரித்திரத்தில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பெரும் பங்கு உண்டு. பெங்களூருக்கும் சிறிது பங்கு உண்டு. அதைச் சொல்லப் புகுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சற்றே பேச வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சபலம் தவிர்க்க முடியாதது.

இந்நோயை நம் மக்கள் நெடுங்காலமாக 'இரத்தக் கொதிப்பு' என்றே வழங்கி வந்தனர். இன்றும் முதியோர் பலர் அப்படியே சொல்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் ஆபத்தான சொல். கொதிப்பு என்றால் சூடு தெரிய வேண்டும், முகம் சிவக்க வேண்டும், கோபம் பொங்க வேண்டும் என்று கேட்பவர் எண்ணுகிறார். 'எனக்குக் கோபமே வராது, எனக்கு ஏது கொதிப்பு?' என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார். ஆங்கிலச் சொல்லான 'ஹைப்பர்டென்ஷன்' என்பதும் இதே குற்றத்தைச் செய்கிறது. 'டென்ஷன்' இல்லாதவருக்கு அது வராது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். கன்னடத்தில் இதனை 'ரக்தத ஒத்தட' என்பர். அழுத்தம் என்பதே அதன் பொருள். கேட்கும்போது நம் 'ஒத்தடம்' நினைவுக்கு வரும். மூன்றிலும் உண்மைக்கு நெருக்கமானது இதுவே. ஏனெனில் இந்நோய் கொதிப்பதில்லை, வலிப்பதில்லை, பெரும்பாலோருக்கு எந்த அடையாளமும் காட்டுவதில்லை. இரத்தக் குழாயின் சுவரை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். மூளையிலோ இருதயத்திலோ சிறுநீரகத்திலோ சேதம் நேர்ந்த பிறகே அது தன் பெயரைச் சொல்லுகிறது. அளந்து பார்ப்பதைத் தவிர அதனை அறிய வேறு வழி இல்லை.

அளப்பது எப்படி என்பதே பழங்காலத்தில் பெரும் கேள்வியாக இருந்தது. நம் சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாத, பித்த, கப நாடிகளைப் பார்த்தனர். மேனாட்டு வைத்தியர்களும் விரலைத்தான் நம்பினர். நாடி வலிது, மெலிது, கயிறுபோல் விறைத்தது என்று அவர்கள் வருணித்தார்கள். வருணனைக்குக் குறைவில்லை, எண்தான் இல்லை.

முதல் எண்ணைத் தந்தவர் வைத்தியர் அல்லர், ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் தேவாலயப் பொறுப்பில் இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், செடிகளில் நீர் எவ்வளவு விசையோடு ஏறுகிறது என்று ஆராய்ந்தவர். அதே கேள்வியைப் பிராணிகளின் இரத்தத்தைப் பற்றியும் அவர் கேட்டார். ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடையிலுள்ள தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். இரத்தம் அந்தக் குழாயில் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழுமாக அசைந்தது. 1733-இல் இதனை நூலாக வெளியிட்டார். குதிரையின் கதி என்னவாயிற்று என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இம்முறையை மனிதரிடம் கையாள முடியாது என்பது வெளிப்படை. 1828-இல் புவாசெய் என்ற பிரெஞ்சுக்காரர், எட்டடிக் குழாய்க்குப் பதிலாகப் பாதரசம் நிறைந்த சிறு குழாயைப் பயன்படுத்தினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே ஆள் உயரத்துக்கு ஏறும் இரத்தத்தை அது ஒரு சாண் உயரத்துக்குள் அடக்கிவிடும். இன்று 120 என்று நாம் சொல்லும் மேல் எண், 120 மில்லிமீட்டர் பாதரசத்தைக் குறிக்கிறது. அதையே ஹேல்ஸ் பாதிரியாரின் குழாயில் அளந்தால் இரத்தம் ஏறக்குறைய ஐந்து அடி உயரும். நம் உடலுக்குள் ஓயாமல் நடக்கும் இந்த வேலையின் பருமனை எண்ணிப் பார்க்க, மில்லிமீட்டரைவிட அடிக்கணக்கே நமக்கு நன்கு உதவுகிறது.

கத்தியின்றி அளக்கும் வழியைப் பலர் தேடினர். இத்தாலியில் டூரின் நகரத்து வைத்தியர் சிப்பியோனே ரிவா-ரொச்சி 1896-இல் கண்ட வழியே நிலைத்தது. தமனிக்குள் நுழைய வேண்டாம். வெளியிலிருந்து கையைச் சுற்றி நெருக்கி, எந்த அழுத்தத்தில் மணிக்கட்டு நாடி நிற்கிறது என்று பார்த்தால் போதும் என்றார் அவர். அவருடைய கருவி கடைச்சரக்குகளால் ஆனது. கையைச் சுற்ற சைக்கிள் டயரின் உள்குழாய். பாதரசம் வைக்க மைக்கூடு. இன்றும் ஜெர்மானிய வைத்தியர்கள் இரத்த அழுத்தத்தைக் குறிக்க அவர் பெயரின் முதலெழுத்துகளான 'ஆர் ஆர்' என்றே எழுதுகிறார்கள். ஆனால் அவருடைய பட்டை மிகக் குறுகலானது. குறுகிய பட்டையால் நெருக்கினால் எண் கூடுதலாகக் காட்டும் என்பதை ஃபான் ரெக்லிங்ஹௌசன் என்பவர் 1901-இல் எடுத்துக்காட்டி, அகலமான பட்டையைப் புகுத்தினார். பருத்த புஜம் உடையவருக்குச் சிறிய பட்டையைச் சுற்றி அளக்கும் கடைகள் இன்றும் உண்டு. 1901-இல் தீர்ந்த வழக்கு அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ரிவா-ரொச்சியின் முறையில் மேல் எண் மட்டுமே கிடைத்தது. கீழ் எண்ணையும் செவியால் அறியும் வழியைக் கண்டவர் நிக்கோலாய் கொரொட்கோவ் என்ற ருஷ்ய அறுவை வைத்தியர். ருஷ்ய - ஜப்பானியப் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தவர் அவர். குண்டு பாய்ந்து கிழிந்த இரத்தக் குழாய்களின்மீது ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, அவற்றில் எழும் ஒலிகளைக் கேட்பது அவருக்குப் பழக்கமாயிற்று. அந்தப் பழக்கமே கண்டுபிடிப்புக்கு வித்து. பட்டையை முழுவதும் நெருக்கும்போது முழங்கையின் மடிப்பில் ஓசையே இல்லை. மெல்லத் தளர்த்தும்போது ஒரு கணத்தில் தட்டும் ஒலி எழுகிறது. அதுவே மேல் எண். மேலும் தளர்த்தினால் ஒலி மங்கி மறைகிறது. அதுவே கீழ் எண். 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து இராணுவ வைத்தியக் கழகத்தில் இதனைச் சொன்னார். அவருடைய குறிப்பு அச்சில் ஒரு பக்கத்தையும் நிரப்பவில்லை. வைத்திய சாஸ்திரத்தில் இத்தனை சிறிய எழுத்து இத்தனை பெரிய பயனைத் தந்தது அரிது.

பெங்களூரில் கோட்டைக்கு அருகே விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்ட ஆண்டு 1900. அன்று அங்கே வந்த நோயாளி எவருக்கும், எந்த வைத்தியராலும், இன்று மருந்துக்கடைப் பையன் சொல்லும் இரண்டு எண்களையும் சொல்லியிருக்க முடியாது. அவற்றில் ஒன்றைச் செவியால் அறியும் வழி அப்போது உலகிலேயே கண்டறியப்படவில்லை.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. அழுத்தம் கூடினால் ஆயுள் குறைகிறது என்பதை முதலில் நன்றாக உணர்ந்துகொண்டவை அமெரிக்க ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்; பணத்தைப் பணயம் வைத்தவர்களுக்குக் கண் கூர்மை அதிகம். வைத்தியர்களோ, வயது ஏற ஏற அழுத்தம் ஏறுவது இயல்பே என்றும், குறுகிய குழாய்களில் இரத்தத்தைச் செலுத்த உடலுக்கு அது தேவை என்றும், அதைக் குறைத்தால் கேடு விளையும் என்றும் நெடுங்காலம் கருதினர். இந்த எண்ணத்துக்கு உலகம் கொடுத்த விலையைக் காட்ட ஓர் உதாரணம் போதும். அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இருதய வைத்தியர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தபோது அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார்கள். இருதயத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அழுத்தத்தைக் குறைக்கத் தக்க மருந்து அவர்கள் கையில் இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் அவர் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய மேல் எண் 300-ஐத் தாண்டியிருந்தது. உலகில் அவருக்குக் கிடைக்காத சிகிச்சை வேறு யாருக்கும் கிடைத்திராது என்று எண்ணத் தோன்றும். அது முற்றிலும் சரியன்று.

அதே காலத்தில் இந்தியாவில் ஒரு வேர் விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. சர்ப்பகந்தா என்ற சிறு செடியின் வேர் அது. பாம்புக் கடிக்கும் பித்துக்கும் நம் நாட்டார் அதைப் பயன்படுத்தி வந்தனர். 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அது பித்தைத் தணிப்பதோடு உயர்ந்த இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரிலிருந்து இரசாயனப் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம் ஆதரவாளரான ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1934-இல் ஹிமாலயா மருந்து நிறுவனம் இவ்வேரைக் கொண்டு 'செர்ப்பினா' என்ற மாத்திரையை வெளியிட்டது. டேராடூனில் 1930-இல் தொடங்கிய அந்நிறுவனம் 1975-இல் பெங்களூருக்கு வந்து, தும்கூர் சாலையில் தொழிற்சாலை அமைத்தது. பர்மாவில் முரட்டு யானைகளை அடக்க ஒரு வேரைத் தின்னக் கொடுப்பதை நிறுவனர் கண்டார் என்றும், அதிலிருந்தே எல்லாம் தொடங்கிற்று என்றும் அந்நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லிவருகிறது. யானைக் கதை கேட்க இனிமையானது. அதைவிட உறுதியான சான்று பம்பாயிலிருந்து வந்தது.

ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற பம்பாய் இருதய வைத்தியர், தம் நோயாளிகளுள் 50 பேருக்கு இவ்வேரைக் கொடுத்து, வாரந்தோறும் அழுத்தத்தை அளந்து, முடிவுகளை 1949-இல் ஆங்கில நாட்டு இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன்பின் மேனாட்டார் விழித்துக்கொண்டனர். 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரின் முக்கிய சத்தைப் பிரித்து ரெசர்ப்பின் என்று பெயரிட்டனர். 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேர் பழையது; அதன் குணத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆயினும் அது இரத்த அழுத்தத்துக்கு மருந்து என்று எவரும் அறிந்திருக்க முடியாது. அளக்கும் கருவி வந்த பிறகே அந்த நோய்க்கு உருவம் கிடைத்தது. உருவம் கிடைத்த பிறகே மருந்து மருந்தாயிற்று. ரிவா-ரொச்சியின் பட்டை இன்றேல் வக்கீலின் கட்டுரை இல்லை.

மருந்தால் எண் குறைகிறது. ஆனால் அதனால் மனிதர் பிழைக்கிறார்களா? இக்கேள்விக்கு விடை 1967-இல் வந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை. மறு பிரிவுக்கு மூன்று மருந்துகள். அம்மூன்றில் ஒன்று நம் வேரின் சத்தான ரெசர்ப்பின். வெறும் மாத்திரை உண்டவரிடையே 27 கடுமையான விபரீதங்கள் நேர்ந்தன. மருந்து உண்டவரிடையே இரண்டே. ரெசர்ப்பின் பின்னர் வழக்கொழிந்தது; அது சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கிற்று, அதனினும் நல்ல மருந்துகளும் வந்தன. ஆனால் சிகிச்சை பயன்தரும் என்று உலகுக்கு நிரூபித்த கூட்டத்தில் அதுவும் நின்றிருந்தது.

இனி, கருவி கடைக்கு வந்ததைச் சொல்லுவோம். கொரொட்கோவின் முறைக்குத் தேர்ந்த செவி வேண்டும். மின்சாரப் பெட்டிக்குச் செவி வேண்டுவதில்லை. பட்டை தளரும்போது தமனியின் துடிப்பு அதனுள் உள்ள காற்றை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு எழுந்து உச்சமடைந்து தணிவதைக் கொண்டு பெட்டி கணக்கிட்டுவிடுகிறது. செவியின் தேவை நீங்கியதும் வைத்தியரின் மேஜையை விட்டுக் கருவி இறங்கிற்று. வீட்டுக்கும் கடைக்கும் வந்து சேர்ந்தது. மருந்தாளுநரின் நிலையும் இதற்கிடையே உயர்ந்தது. முற்காலத்துக் கம்பவுண்டர் புட்டியில் மருந்து கலந்து கொடுப்பவர். 1948-இன் பார்மசிச் சட்டம் அவரைப் படித்துப் பதிவு பெற்ற தொழிலாளர் ஆக்கிற்று. 2015-இல் வந்த விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கி ஆலோசனை கூறுவதும் அவர் கடமை என்று எழுத்தில் வைத்தன. இது எவ்வளவு பயன்தரும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சோதனை ஒன்று சாட்சி. அங்கே கறுப்பின மக்களின் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் சென்று, வைத்தியர்களின் ஒப்புதலோடு, அழுத்தத்தை அளந்து மருந்தும் கொடுத்தனர். ஆறு மாதத்தில் மேல் எண் சராசரி 27 புள்ளி இறங்கிற்று என்று 2018-இல் அறிவித்தனர். மக்கள் அடிக்கடி வந்துபோகும் இடத்துக்குக் கருவி சென்றதே அதன் இரகசியம். பெங்களூரில் அத்தகைய இடம் முடிதிருத்தும் கடையைவிட மருந்துக்கடையே.

நம் நாட்டில் இதன் தேவை சிறிதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 21 சதவீதத்தினருக்கும் உயர் அழுத்தம் இருந்தது, அல்லது அதற்கு மருந்து உண்டுவந்தனர். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 30 முதல் 79 வயது வரையுள்ள இந்தியரில் ஏறக்குறைய 18.8 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு; அவர்களில் அதை அறிந்திருந்தவர் 37 சதவீதம் மட்டுமே.

அறியாதவரில் ஒருவராக நம் அலுவலக நண்பர் ஒருவரும் இருந்தார். குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கச் சென்றவர், சில்லறைக்குக் காத்திருந்த நேரத்தில் விளையாட்டாகக் கையை நீட்டினார். 178-க்கு 106 என்று வந்தது. பெட்டி பழுது என்று சொல்லிவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்; அங்கே 172-க்கு 104. வைத்தியர் இரு வாரம் பார்த்து நோயை உறுதி செய்தபோது, சிறுநீரகத்தில் தேய்வும் தொடங்கியிருந்தது தெரிந்தது. நண்பருக்கு அப்போது வயது 44. அவருடைய தந்தையார் 52-ஆம் வயதில் ஒரு நாள் காலையில் வாய் கோணி விழுந்து இறந்தவர். 'வாயு பிடித்தது' என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அவருக்கு ஒருமுறையேனும் யாரும் அளந்து பார்த்ததில்லை. நண்பர் இன்றும் மாத்திரை உண்டு நலமாக இருக்கிறார். அந்தத் துண்டுத் தாளைப் பணப்பையில் வைத்திருக்கிறார்.

இதனால் கடையில் வரும் எண்ணையெல்லாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பக்கத்துத் தர்ஷினியில் நின்றபடியே காபி குடித்துவிட்டு, போக்குவரத்து நெரிசலைத் திட்டியவாறே வந்து, நின்ற கோலத்தில், உயரமான பலகைமீது கையை வைத்து, பேச்சை நிறுத்தாமல் அளந்துகொண்டால் வரும் எண் உடலுடையதா ஊருடையதா என்று சொல்வது கடினம். காபியும் புகையும் விட்டு அரை மணி ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை வெறும் கையில், இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். ஒரு முக்காலியும் ஐந்து நிமிஷப் பொறுமையும் உள்ள கடையைத் தேடிப் போவது நல்லது. 140-க்கு 90 என்ற எல்லையைத் தாண்டினால், வேறு நாட்களிலும் அளந்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். மேல் எண் 180-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ, ஒரு பக்கம் கை கால் தளர்வோ, பேச்சுக் குழறலோ இருந்தால் கடையில் நிற்கவே கூடாது, நேரே மருத்துவமனைதான்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கடையில், எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இழுப்பறையிலிருந்து மாத்திரைப் பட்டை ஒன்றை எடுத்து, 'எல்லாரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்' என்று முதியவர் ஒருவரிடம் நீட்டியதை நாமே கண்டோம். வைத்தியர் சீட்டின்றி இவ்வகை மருந்தை விற்பது சட்டத்துக்கு மாறானது. ஒரே அளவையில் நோயை முடிவுகட்டுவது சாஸ்திரத்துக்கும் மாறானது. அளப்பவர் அளக்கட்டும், குறித்துக் கொடுக்கட்டும், அதற்குமேல் அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, 'இதை வைத்தியரிடம் காட்டுங்கள், அடுத்த வாரம் மறுபடி வாருங்கள்' என்று சொல்வதே. அம்முதியவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாம் பேசியிருக்கலாம், பேசவில்லை.

கடைக்கும் வர இயலாதவரிடம் கருவியே செல்லும் முறையும் வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியே சென்றால் வரும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி என்ற சிற்றூரில், 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று, பையில் கருவியோடு வீடு வீடாகச் சென்று, திண்ணையில் உட்கார வைத்து அளக்கிறார்கள். மாத்திரையையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

அப்பெண்களின் பையில் உள்ளது மின்சாரப் பெட்டி. பாதரசம் நஞ்சாகையால் அதை விலக்குவதென்று உலக நாடுகள் 2013-இல் ஜப்பானில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2018-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. வைத்தியர் மேஜையில் நாம் கண்டு பழகிய அந்த உயரமான கண்ணாடிக் குழாய்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. பெட்டியின் முகத்தில் மட்டும் எண்ணுக்கு அருகே பொடி எழுத்தில் 'மில்லிமீட்டர் பாதரசம்' என்பதன் குறியீடு இன்னும் அச்சிடப்பட்டிருக்கிறது.